உலக உள்ளரங்கத் தடகளத்தில் ஆடவர் 4×400 மீட்டர் தொடர் ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் காலையும் மாலையும் ஓடுகிற பிள்ளைகளுக்கும், அவர்களை அழைத்து வருகிற பெற்றோருக்கும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டம் நன்கு பழகியது. அதே ஓட்டம் கூரைக்கு அடியில், சுற்றுக்கு 200 மீட்டர் மட்டுமே உள்ள தளத்தில் நடக்கும்போது எப்படி வேறொரு பந்தயமாகிவிடுகிறது என்பதுதான் பலருக்கும் புரியாமல் இருக்கிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உள்ளரங்கில் வேகம் எவ்வளவு முக்கியமோ, அதைவிட ஒரு படி மேலாக இடம் பிடிப்பது முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பதில்களில் பெரும்பாலானவை அதை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

இது எந்தப் போட்டி? எப்போது தொடங்கியது?

1985-இல் பாரிஸ் நகரில் உலக உள்ளரங்க விளையாட்டுகள் என்ற பெயரில் ஒரு போட்டி நடந்தது. 1987-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் அது உலக உள்ளரங்கத் தடகளப் போட்டியாக முறைப்படி தொடங்கி, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவருகிறது. தொடர் ஓட்டம் தொடக்கத்திலிருந்தே இருக்கவில்லை. 1991-இல் ஸ்பெயினின் செவில் நகரில்தான் அது சேர்க்கப்பட்டது, அங்கே ஆடவர் பிரிவில் ஜெர்மனி வென்றது. 2020-இல் சீனாவின் நாஞ்சிங் நகரில் நடக்கவேண்டிய போட்டி கொரோனா தொற்றால் தள்ளிப்போடப்பட்டு, இறுதியில் 2025 மார்ச்சில் நடந்தது. அதில் ஆடவர் தொடர் ஓட்டத்தில் அமெரிக்கா தங்கமும் ஜமைக்கா வெள்ளியும் ஹங்கேரி வெண்கலமும் பெற்றன.

ஓடும் தூரம் ஒன்றுதான் என்றால், உள்ளரங்கில் நேரம் ஏன் கூடுகிறது?

தூரத்தில் எந்த வேறுபாடும் இல்லை. நான்கு பேர், ஆளுக்கு 400 மீட்டர், மொத்தம் 1,600 மீட்டர். ஆனால் வெளியரங்கில் ஒருவர் ஒரு சுற்று ஓடினால் போதும். உள்ளரங்கில் இரண்டு சுற்று ஓட வேண்டும். அதாவது இரண்டு வளைவுகளுக்குப் பதிலாக நான்கு வளைவுகள், அவையும் மிக இறுக்கமானவை.

நம் ரேஸ்கோர்ஸ் தளம் போன்ற 400 மீட்டர் தளத்துக்குப் பரிந்துரைக்கப்படும் வளைவின் ஆரம் 36.50 மீட்டர். 200 மீட்டர் உள்ளரங்கத் தளத்தில் அது ஏறத்தாழ 17.20 மீட்டர்தான். ஒரே வேகத்தில் ஓடும் ஒருவரை வளைவு வெளிப்புறமாகத் தள்ளும் விசை ஆரம் குறையக் குறையக் கூடும் என்பதால், உள்ளரங்கில் அது இருமடங்குக்கும் மேலாகிறது. அந்த விசையைச் சமாளிப்பதற்காகத்தான் உள்ளரங்க வளைவுகளை உட்புறம் தாழ்ந்தும் வெளிப்புறம் உயர்ந்தும் இருக்கும்படி சரிவாகக் கட்டுகிறார்கள். சித்திரைப் பொருட்காட்சியில் மரணக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை: வட்டம் சிறுக்கும்போது சுவர் சாய்ந்து கொடுத்தால்தான் வண்டி நிற்கும்.

சரிவு இருந்தாலும் இழப்பு முழுவதும் ஈடாவதில்லை. வெளியரங்கில் அமெரிக்க அணி 1993-இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஓடிய 2 நிமிடம் 54.29 வினாடி நெடுங்காலமாக உலக சாதனையாக நிற்கிறது. உள்ளரங்கில் 2018-இல் போலந்து உலக சாதனையாகப் பதித்த நேரம் 3 நிமிடம் 1.77 வினாடி. ஏழரை வினாடி வித்தியாசத்தில் பெரும்பகுதி வளைவுகளால் வருவது. மீதி, நெரிசலால் வருவது.

ஓட்டக்காரர்கள் தங்கள் தடத்தை விட்டு எப்போது உள்ளே வரலாம்?

வெளியரங்கத் தொடர் ஓட்டத்தில் முதல் ஆள் தன் முழுச் சுற்றையும், இரண்டாம் ஆள் தன் முதல் வளைவையும் தத்தம் தடத்திலேயே ஓட வேண்டும். உள்ளரங்கில் முதல் ஆள் இரண்டு வளைவுகளை மட்டும், அதாவது ஏறத்தாழ ஒரு சுற்றை மட்டும், தன் தடத்தில் ஓடிவிட்டு, குறிக்கப்பட்ட கோட்டைத் தாண்டியதும் உள்தடத்துக்கு வந்துவிடலாம். பந்தயத்தின் எட்டுச் சுற்றுகளில் ஏழு சுற்றுகள் எல்லா அணிகளும் ஒரே தடத்துக்காகப் போட்டியிட்டு ஓடுபவை.

எனவே முதல் ஆளின் முதல் 200 மீட்டர் மிகப் பெரிய பொறுப்பு. தடம் விடும் கோட்டில் முன்னால் இருப்பவர் உள்விளிம்பை எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் அவர் பின்னால் வரிசை கட்ட வேண்டும் அல்லது வெளியே சுற்றி ஓட வேண்டும். வெளித்தடங்களில் தொடங்குபவர்களுக்கு வளைவு சற்று அகலமானது, தடம் விடும்போது சரிவிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வரும் வாய்ப்பும் உண்டு. அதனால் வெளித்தடங்களே விரும்பப்படுகின்றன. உள்ளே முதல் தடத்தில் தொடங்கும் அணிக்கு நான் எப்போதும் கூடுதலாக இரக்கப்படுவேன்.

பின்னால் வருபவர் வேகமானவர் என்றால் முந்திவிட வேண்டியதுதானே? ஏன் பலர் அடங்கியே ஓடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கான விடையைப் பிடித்துக்கொண்டால் உள்ளரங்கத் தொடர் ஓட்டம் முழுவதும் பிடிபட்டுவிடும். கணக்கு எளியது. ஒரு வளைவு என்பது அரை வட்டத் திருப்பம். அதில் ஒருவர் மற்றவருக்கு வெளியே 1 மீட்டர் தள்ளி ஓடினால், வளைவு எவ்வளவு சிறியதானாலும் பெரியதானாலும், அவர் ஓடும் கூடுதல் தூரம் 3.14 மீட்டர். உள்ளரங்கில் ஒரு தடத்தின் அகலம் 0.90 முதல் 1.10 மீட்டர் வரை என்பதால், ஒருவரை ஒட்டி வெளியே ஓடுவது என்றாலே ஏறக்குறைய இந்த இழப்பு உறுதி.

400 மீட்டரை 46 வினாடியில் ஓடுபவரின் சராசரி வேகம் வினாடிக்கு 8.7 மீட்டர். 3.14 மீட்டரைக் கடக்க அவருக்கு 0.36 வினாடி வேண்டும். ஒரு வளைவை வெளியே சுற்றி ஓடினால் 0.36 வினாடி போய்விடுகிறது. நான்கு வளைவுகளையும் அப்படி ஓடினால் 12 மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓடி, ஏறத்தாழ ஒன்றரை வினாடியை இழக்கிறார். இவ்வளவையும் ஈடுகட்டி முந்த வேண்டுமானால் அவர் முன்னால் ஓடுபவரைவிட மிகவும் வலுவானவராக இருக்க வேண்டும். உலக அளவில் இறுதிப் போட்டிக்கு வந்த அணிகளுக்கு இடையே அப்படிப்பட்ட இடைவெளி பெரும்பாலும் இருப்பதில்லை.

ஆகவே அனுபவமுள்ளவர் வளைவில் முந்த முயல்வதில்லை. முன்னால் ஓடுபவரின் தோளுக்குப் பின்னால், உள்விளிம்பிலேயே பொறுமையாக வந்து, வளைவு முடிந்து நேர்பாதை திறந்ததும் வெளியே எடுத்து, அடுத்த வளைவு தொடங்குவதற்குள் முழுவதுமாக முன்னால் போய்விடுவார். பாதி முந்திய நிலையில் வளைவுக்குள் நுழைந்துவிட்டால் அதுவே பெரும் இழப்பு. உள்ளே இருப்பவரும் இதை அறிந்தவர் என்பதால், நேர்பாதையில் சற்றே வேகம் கூட்டி, முந்த வருபவரை வளைவு வரை வெளியிலேயே நிறுத்திவைக்கப் பார்ப்பார். தொலைக்காட்சியில் பார்க்கும்போது அடங்கி ஓடுவதுபோலத் தெரிவது, உண்மையில் அடுத்த நேர்பாதைக்கான காத்திருப்பு.

பேட்டன் என்ற குழாயை அடுத்தவருக்குக் கொடுக்கும் கைமாற்றத்தின்போது எல்லோரும் ஓரிடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்களே, யார் எங்கே நிற்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

நடுவர்கள்தான் வரிசைப்படுத்துகிறார்கள், ஆனால் தங்கள் விருப்பப்படி அல்ல. ஓடிவருபவர்கள் கடைசி வளைவுக்குள் நுழையும்போது எந்த வரிசையில் இருக்கிறார்களோ, அதே வரிசையில் அடுத்தவர்கள் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி நிற்க வேண்டும். முதலில் வரும் அணியின் ஆள் உள்விளிம்பில், இரண்டாவது அணியின் ஆள் அவருக்கு அடுத்து, இப்படி. வரிசை அமைந்த பிறகு, ஓடிவருபவர்கள் அந்த வளைவில் ஒருவரையொருவர் முந்தினாலும், காத்திருப்பவர்கள் இடம் மாற்றிக்கொள்ளக் கூடாது. மாற்றினால் அணி தகுதியிழக்கும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். கடைசி வளைவுக்குள் நுழையும் நேரத்தில் நான்காவதாக இருக்கும் அணி, கைமாற்றத்திலும் நான்காவது இடத்தில், உள்விளிம்பிலிருந்து மூன்று ஆட்களுக்கு வெளியே நின்றுதான் பேட்டனை வாங்க வேண்டும். வாங்கியதும் அடுத்த வளைவை வெளியே சுற்றியோ, வேகத்தைக் குறைத்து வரிசைக்குள் புகுந்தோ தொடங்க வேண்டும். பின்தங்கியவருக்கு மேலும் ஒரு சுமை. முன்னால் இருப்பவருக்கு மேலும் ஒரு பரிசு.

கைமாற்றப் பகுதியின் நீளம் 20 மீட்டர். வாங்குபவர் அதற்குள்ளிருந்தே ஓடத் தொடங்க வேண்டும், பேட்டனும் அதற்குள்ளேயே கைமாற வேண்டும். கணக்கில் எடுக்கப்படுவது பேட்டன் இருக்கும் இடம்தான். ஓட்டக்காரரின் கால் எங்கே இருக்கிறது என்பது பொருட்டல்ல. கொடுத்து முடித்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு குறுக்கே போனால், பிறரைத் தடுத்த குற்றத்துக்காக அணியே வெளியேற நேரிடும். ஆதலால் கொடுத்தவர் பாதை காலியாகும் வரை தன் இடத்திலேயே ஒதுங்கி நிற்பது நல்லது.

பேட்டன் கீழே விழுந்துவிட்டால்?

தவறவிட்டவரே எடுக்க வேண்டும். எடுப்பதற்காகத் தடத்தை விட்டு விலகலாம். ஆனால் அதனால் ஓடும் தூரம் குறையக் கூடாது, வேறு யாருக்கும் இடையூறு வரக் கூடாது. இவ்விரண்டும் சரியாக இருந்தால் அணி தொடர்ந்து ஓடலாம். பேட்டன் ஒரே துண்டாலான, உள்ளே வெற்றிடமுள்ள வழவழப்பான குழாய். நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர், எடை 50 கிராமுக்குக் குறையக் கூடாது. கையுறை அணியவும் கையில் பிடிப்புக்காக எதையும் பூசிக்கொள்ளவும் அனுமதி இல்லை.

2024 கிளாஸ்கோ இறுதிப் போட்டியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் நடந்த போட்டி அது. பெல்ஜியம் 3 நிமிடம் 2.54 வினாடியில் தங்கம் வென்றது. அமெரிக்கா 3 நிமிடம் 2.60 வினாடியில் வெள்ளி, நெதர்லாந்துக்கு வெண்கலம். வித்தியாசம் 0.06 வினாடி. மேலே சொன்ன கணக்கின்படி, ஒரே ஒரு வளைவில் ஒரு சாண் அகலம் வெளியே விலகி ஓடியிருந்தால்கூடக் கரைந்துபோகும் இடைவெளி அது.

அமெரிக்க அணியின் மூன்றாம் ஆள் நோவா லைல்ஸ். 100, 200 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற அவர், அதே போட்டியில் 60 மீட்டரில் வெள்ளி பெற்ற பிறகு 400 மீட்டர் தொடர் ஓட்டத்திலும் இறக்கப்பட்டது அப்போது விவாதமானது. என் பார்வையில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெல்ஜியத்தின் கடைசி ஆளாக ஓடிய அலெக்சாண்டர் டூம், அதே போட்டியில் தனிநபர் 400 மீட்டரில் நார்வேயின் கார்ஸ்டன் வார்ஹோல்மை வென்று தங்கம் பெற்றவர். உள்ளரங்கின் ஒவ்வொரு வளைவையும் அந்த வாரம் அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கடைசிக் கட்டத்தில் அமெரிக்காவின் கிறிஸ்டோபர் பெய்லியை அவர் கடந்த விதம், தன் வேகத்தை எங்கே செலவிட வேண்டும் என்று தெரிந்தவரின் ஓட்டம்.

பெல்ஜியத்தின் வெற்றி தற்செயல் அல்ல என்பதற்கு 2022 பெல்கிரேட் போட்டியே சான்று. அங்கே அவர்களின் நேரம் 3 நிமிடம் 6.52 வினாடி, அது பெரிய நேரமே அல்ல. ஆனால் ஸ்பெயினும் நெதர்லாந்தும் அரை வினாடிக்குள் துரத்திவந்த அந்தப் பந்தயத்திலும் தங்கம் அவர்களுக்கே கிடைத்தது. மக்கள் தொகை ஏறத்தாழ 1.2 கோடி மட்டுமே உள்ள ஒரு நாடு, தந்தை ஜாக் போர்லேயின் பயிற்சியில் ஜோனதன், கெவின், டிலன் என்ற சகோதரர்களை மையமாக வைத்து அணியைக் கட்டி, தலைமுறைதோறும் அதே பாணியைக் கைமாற்றிக் கொடுத்துவருகிறது. பெல்கிரேடில் கெவின் ஓடினார், கிளாஸ்கோவில் டிலன் ஓடினார். தனித்தனியாக நான்கு வேகமானவர்களைத் திரட்டுவதும், ஓர் அணியை வளர்ப்பதும் ஒன்றல்ல என்று நான் நம்புவதற்கு இந்த நாடே காரணம்.

போலந்து அமெரிக்காவை வென்றது எப்போது?

2018-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில். அமெரிக்க அணியின் நேரம் 3 நிமிடம் 1.97 வினாடி, வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் அது தங்கத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கும், ஏனெனில் அதற்கு முன்பிருந்த உலக சாதனை 2014-இல் சோபோட் நகரில் அமெரிக்காவே பதித்த 3 நிமிடம் 2.13 வினாடிதான். ஆனால் கடைசி ஆளாக ஓடிய யாகூப் கிஷெவினா இறுதி நேர்பாதையில் அமெரிக்காவின் வெர்னன் நார்வுட்டைக் கடந்து, போலந்துக்கு 3 நிமிடம் 1.77 வினாடியில் தங்கத்தையும் உலக சாதனையையும் ஒருசேரப் பெற்றுத் தந்தார். ஒரே பந்தயத்தில் இரண்டு அணிகள் பழைய சாதனையைத் தாண்டின. அதில் ஒன்று தோற்றது.

கோட்டை மிதித்ததற்காக ஓட்டக்காரர்களை வெளியேற்றுவது கொஞ்சம் கடுமை இல்லையா?

கடுமைதான், ஆனால் நியாயமானது. அதே பர்மிங்காமில் தனிநபர் 400 மீட்டரின் ஒரு தகுதிச் சுற்றில் ஓடிய எல்லோருமே தகுதியிழந்தார்கள். இறுதிச் சுற்றில் முதலிரண்டு இடங்களில் வந்த ஸ்பெயினின் ஆஸ்கர் உசியோசும் டொமினிக்கன் குடியரசின் லுகுவெலின் சாந்தோசும் தடம் மீறியதற்காக நீக்கப்பட, செக் நாட்டின் பாவெல் மாஸ்லாக் தங்கம் பெற்றார். இறுக்கமான வளைவில் உடல் ஒரு பக்கம் சாயும்போது இடது கால் உள்கோட்டை மிதிப்பது எளிதில் நேர்ந்துவிடும். மிதித்தால் தூரம் குறைகிறது. தூரம் குறைந்தால் பிறருக்கு அநீதி.

நால்வரில் யாரை எந்த இடத்தில் ஓடவிட வேண்டும்?

வெளியரங்கில் பலமானவரைக் கடைசிக்கு வைப்பது நம் பள்ளிகளில் ஊறிப்போன வழக்கம். உள்ளரங்கில் அப்படி எண்ணக் கூடாது. தடம் விடும் கோட்டை முதலில் தொடக்கூடிய ஒருவர், அதாவது முதல் 200 மீட்டரை அஞ்சாமல் ஓடி மீதியைத் தாங்கிக்கொள்பவர், முதலாவதாக ஓட வேண்டும். நெரிசலில் கலங்காத உறுதியானவர்கள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் வர வேண்டும். கடைசி ஆளுக்கு வேகத்தோடு பொறுமையும் வேண்டும். தகுதிச் சுற்றிலும் இறுதியிலும் ஒரே நால்வர் ஓடவேண்டிய கட்டாயம் இல்லை. தகுதிச் சுற்றில் மட்டும் ஓடியவர்களுக்கும் பதக்கம் உண்டு.

இந்தியா இதில் எங்கே இருக்கிறது? நம் பக்கத்தவர்கள் யாராவது?

இந்திய ஆடவர் அணி உள்ளரங்க உலகப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் இதுவரை பதக்கம் பெற்றதில்லை. திறமை இல்லாதது இதற்குக் காரணம் அல்ல. வெளியரங்கில், 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் தகுதிச் சுற்றில், முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகிய நால்வரும் 2 நிமிடம் 59.05 வினாடியில் ஓடி, அமெரிக்காவுக்கு மிக அருகில் இரண்டாவதாக வந்து ஆசிய சாதனை படைத்தார்கள். கடைசியாக ஓடிய ராஜேஷ் ரமேஷ் தமிழ்நாட்டுக்காரர். அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியிலும் இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது.

மதுரைக்கும் இதில் பங்கு உண்டு. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்; திருச்சிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் அந்த அணியில் இருந்தார். அதே ஒலிம்பிக்குக்கான ஆடவர் தொடர் ஓட்டக் குழுவில் இராமநாதபுரம் மாவட்டத்து நாகநாதன் பாண்டியும் இடம்பெற்றார். இந்த வட்டாரத்தின் செம்மண்ணிலும் கரிசலிலும் வெறுங்காலோடு ஓடத் தொடங்கும் பிள்ளைகள் 400 மீட்டரில் நிலைக்கிறார்கள் என்பதை இவர்கள் காட்டியிருக்கிறார்கள். குறைவாக இருப்பது சரிவான வளைவில் ஓடிப் பழகும் வாய்ப்புதான். ஒடிசாவின் புவனேஸ்வரத்தில், கலிங்கா விளையாட்டு வளாகத்தில், இப்போது உள்ளரங்கத் தடகளத் தளம் ஒன்று அமைந்திருக்கிறது. மதுரையிலிருந்து அது வெகு தொலைவு என்றாலும், நாட்டுக்குள் ஒன்று இருப்பதே பெரிய மாற்றம்.

மதுரையில் எந்த நேரத்தில் பார்க்கலாம்?

பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடக்கிறது. தொடர் ஓட்ட இறுதி வழக்கமாகக் கடைசி நாள் மாலை அமர்வில் இருக்கும். மேற்கு ஐரோப்பாவில் நடந்தால் நமக்கு நள்ளிரவையும் தாண்டிவிடும். சீனா போன்ற கிழக்கு நாடுகளில் நடந்தால் மாலையிலேயே பார்த்துவிடலாம். எங்கே நடந்தாலும் முதல் தடவை முன்னால் ஓடுபவர்களைப் பார்க்காமல், தடம் விடும் கோட்டையும் கைமாற்ற வரிசையையும் மட்டும் பாருங்கள்.

உள்ளரங்கத் தளம் இல்லாமல் இங்கே இதைப் பழக முடியுமா?

சரிவைப் பழக முடியாது. மற்ற அனைத்தையும் பழக முடியும். கால்பந்து ஆடும் அளவுக்கு இடமுள்ள எந்தப் பள்ளி மைதானத்திலும் ஒரு முளையும் 17.20 மீட்டர் கயிறும் கொண்டு அரை வட்டம் ஒன்றைச் சுண்ணாம்புப் பொடியால் வரைந்துவிடலாம். அதன் இரு முனைகளிலும் நேர்பாதையை நீட்டி, இரண்டு பேரை ஒன்றாக ஓடவிடுங்கள். முதல் தடவை, பின்னால் வருபவர் வளைவில் வெளியே சுற்றி முந்த முயலட்டும். அடுத்த தடவை, வளைவு முடியும் வரை உள்ளேயே வந்து நேர்பாதையில் முந்தட்டும். நிறுத்துக் கடிகாரத்தை அந்தப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னால், நான் மேலே எழுதியதை அவர்களே தங்கள் மொழியில் சொல்லிவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. சரிவில்லாத சமதளத்தில் இவ்வளவு இறுக்கமான வளைவை முழு வேகத்தில் ஓடினால் கணுக்காலுக்கும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக்கும் நோவு வரும். முக்கால் வேகத்துக்கு மேல் ஓடவிடாதீர்கள்; இரண்டு திசைகளிலும் மாற்றி மாற்றி ஓடவிடுங்கள், இல்லையெனில் எப்போதும் ஒரே கால் சுமை தாங்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் காலை 7 மணிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

கைமாற்றத்துக்கு ரேஸ்கோர்ஸ் தளமே போதும். 20 மீட்டரைக் குறித்து, நான்கு அணிகளை நெருக்கமாக நிறுத்தி, வரிசையை நீங்களே அறிவியுங்கள். வாங்குபவர் உட்புறம் நோக்கித் திரும்பி நின்று, ஓடிவருபவரின் களைப்பைக் கண்ணால் அளந்து, இடது கையில் வாங்கி, ஓடத் தொடங்கியதும் வலது கைக்கு மாற்றிக்கொள்ளட்டும். வருபவர் தளர்ந்து வந்தால் வாங்குபவர் முன்கூட்டியே ஓடிவிடக் கூடாது. வருபவர் வலுவாக வந்தால் நின்றுகொண்டு வாங்கக் கூடாது. ஓய்ந்த கால்களோடு ஓடிவருபவரிடமிருந்து வாங்கும்போதுதான் இது உண்மையில் பழகும் என்பதால், கைமாற்றப் பயிற்சியைப் பயிற்சி நேரத்தின் தொடக்கத்தில் வைக்காமல், 300 மீட்டர் ஓட்டங்கள் முடிந்த பிறகு வையுங்கள்.